உள்தாழ்ப்பாள்

ஜூன் 4

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மூச்சு ஓடுகிறது என்று எழுதுகிறேன். நீ, மருமகள், உன் மாமியார் மூவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அடக்கத்தன்று பார்த்தபோது உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை போய் இன்றோடு நாற்பத்தாறு நாள். நடந்ததைக் காவல்துறைக்கும் ஆயர் இல்லத்துக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மில் வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போன ஏழு பேர் கோயிலுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அவர்களைத் தேடி முந்நூறு பேர் கம்பியும் கோடரியுமாக வந்தார்கள். காலை பத்து மணி. பெரிய வாசற்கதவு கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கோயிற்பிள்ளையான நான் நற்கருணை அப்பம் வைத்த பாத்திரத்தோடு, சாமியார் திருவுடை மாற்றும் சக்ரீஸ்து அறைக்குள் போய்த் தாழ்போட்டு அதைக் காப்பாற்றினேன். ஏழு பேரில் நான்கு பேரும் நம் மாப்பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள். சரவிளக்குச் சங்கிலியைப் பற்றவைக்க வந்த மனுஷன். நான்தான் வரச் சொன்னேன். அந்தப் பாவம் என் தலையில்தான்.

இப்போது ஓர் உதவி. கோயிலைப் பழுதுபார்க்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எழுதித் தரச் சொல்கிறார் ஆயர்: எப்போது வந்தது, யார் செய்தது, இன்று என்ன சேதம். தட்டச்சில் மூன்று பிரதி வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே கேலி செய்கிறவள் நீ. வக்கீல் ஆபீசில் நாள் முழுக்கத் தட்டுகிறவளும் நீ. அனுப்பினால் அடித்துத் தருவாயா? உனக்கும் மனசு வேறு பக்கம் திரும்பும்.

மருமகளுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்


ஜூன் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் கழுத்தெலும்பு இருக்கட்டும். முதலில் உங்களைக் கவனியுங்கள். அடக்கத்தன்று நீங்கள் சட்டையை உள்வெளி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றீர்கள்.

பட்டியலை அனுப்புங்கள், அடிக்கிறேன். ஆனால் மனசு திரும்பும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஒரே பக்கம்தான் பார்க்கிறது. இறந்தவர்களுக்குக் கோயில் சுவரில் கல் பதிக்கப் போகிறார்களாம், நான்கு பெயராம். ஐந்தாவது பெயர் ஏன் இல்லை என்று பங்குப்பேரவைத் தலைவருக்குப் போன் செய்தேன். மனுஷன் தொண்டையைச் செருமினார். "எப்படிம்மா போடறது? சட்டைக்குள்ள பூசைப் பாத்திரத்தோட கிடந்தவர் பேரை எப்படிப் போடச் சொல்றீங்க?" என்றார்.

அதாவது வெளியே வெட்டு நடக்கும்போது என் வீட்டுக்காரர் பொற்பூச்சுக் கிண்ணத்தைத் திருடினார். போதாமல் இன்னும் திருட உங்கள் அறைக் கதவை உடைக்கப் பார்த்தார். அங்கேயே அடிபட்டுச் செத்தார். இதுதான் ஊரில் பேச்சு. பிரேதம் கதவடியில் கிடந்ததாம், கதவெல்லாம் தட்டிய தடமாம். அவருக்குச் சாவு மணிகூட அடிக்கவில்லை. மணி அடிக்கிறவர் நீங்கள்தான், அண்ணா. பங்குச் சாமியார் வேண்டாம் என்றதால் அடிக்கவில்லை என்றீர்கள்.

ஒரு வீட்டில் வெல்டிங் வேலை முடித்து வந்தபின் பையில் அவர்கள் ஆணி ஒன்று கிடந்ததென்று திரும்ப ஆறு தெரு நடந்தவர் அவர். உங்களுக்கே தெரியும். நீங்கள் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவர். உங்கள் வார்த்தையை அந்த ஊர் வேதவாக்காக எடுக்கும். பேரவைக்கு ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அத்தை சாப்பிடுகிறார். நான் ஊட்டுகிறேன்.

உங்கள் தங்கை


ஜூன் 17

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்டது நெஞ்சில் இருக்கிறது. சாமியாரிடம் சமயம் பார்த்துப் பேசுகிறேன். இப்போது எல்லாரும் கொதித்துப் போயிருக்கிறார்கள். அவசரப்பட்டால் காரியம் கெடும்.

பட்டியல் முழுவதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பத்து நான்கு பொருள். முப்பது வருஷம் துடைத்த கை அல்லவா, எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. சேதத்தை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். ஆயர் இல்லத்துப் பொறியாளர் ஒரு கீறல் விட்டுப்போனாலும் கேள்வி கேட்கிற ஆள். என் எழுத்து உனக்குப் புரியுமோ என்று சந்தேகமானவற்றை மட்டும் இங்கே மறுபடி எழுதுகிறேன்.

எண் 4. பிரசங்கத் தொட்டி, சாமியார் ஏறி நின்று பேசுவது. உடைந்த கப்பலின் மரத்தில், அதில் தப்பிப் பிழைத்த கப்பல் தச்சன் நேர்த்திக்கடனாகச் செய்தது. எட்டு முகம். படிக்கட்டின் கைப்பிடி முறிந்தது. உள்ளே குனிந்து ஒளிந்திருந்த, ஏழு பேரில் ஒருவரான தறிக்காரரை முடியைப் பிடித்து இந்தக் கைப்பிடிக்கு மேலாக இழுத்துப் போட்டார்கள். மரத்தின் ரேகைக்குள் இரத்தம் இறங்கிவிட்டது. இரண்டு முறை சோப்பு போட்டும் போகவில்லை.

எண் 9. பாவசங்கீர்த்தனக் கூண்டு, பாவமன்னிப்புக் கேட்கும் இடம். தேக்கு. பின்னல் தட்டி முழுவதும் போயிற்று. உள்ளே ஆள் இருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் கம்பியால் வெளியிலிருந்தே குத்தினார்கள். ஆள் இருந்தார்.

எண் 11. ஞானஸ்நானத் தொட்டி. ஒரே கல். பழைய யுத்தத்தில் சிப்பாய்கள் இதில் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார்கள், விளிம்பு உடைசல் அப்போது வந்தது. இந்தத் தடவை இதில் ஒருவர் தலையை முக்கிப் பிடித்தார்கள். கல்லுக்குச் சேதமில்லை.

எண் 16. சூசையப்பர் சுரூபம். வலது கை தோளோடு இல்லை. அந்தக் கையாலேயே அடித்தார்கள். கை தெருவில் கிடைத்தது, இரண்டு விரல் குறைகிறது.

எண் 23. பக்கப் பீடத்துச் சுவர்ப்பேழை. இரும்புக் கதவு. விலையுயர்ந்த பாத்திரம் வைப்பது. பூட்டு வேலைப்பாடு உள்ளது: கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், சாவியில்லாமல் ராஜா வந்தாலும் திறக்காது. அன்று பூட்டியபடியேதான் இருந்தது, பூட்டும் கதவும் பழுதில்லை.

எண் 24. பொற்பூச்சுப் பூசைப் பாத்திரம். பழைய யுத்தத்தில் ஒன்பது மாதம் கிணற்றுக்குள் கிடந்து தப்பியது. அடிப்பாகம் ஆறு இதழ். மூன்று இதழ் நசுங்கியிருக்கிறது. நசுங்கிய இடத்தில் பழுப்பு வண்ணம் ஒட்டியிருக்கிறது.

எண் 30. திருவுடைப் பெட்டி. மேல்பலகையில் வாள்வெட்டு, இரண்டு விரல் ஆழம். பழைய யுத்தத்தின்போது வெளியே தெரிந்தவர் குரல் கேட்டு அன்றைய கோயிற்பிள்ளை சக்ரீஸ்துக் கதவைத் திறந்துவிட்டார். திறந்தவரையும் உள்ளே இருந்த சாமியாரையும் இந்தப் பெட்டிமேல் கிடத்தி வெட்டினார்கள். அன்றிலிருந்து குரல் கேட்டுத் திறக்கக்கூடாது என்பது எங்கள் விதி. புதுச் சேதமில்லை.

எண் 31. சக்ரீஸ்துக் கதவு. பழுப்பு வண்ணம் பூசிய பலகை. வெளிப்பக்கம், நெஞ்சு உயரத்தில், நடுப்பலகையில் பிறை வடிவப் பள்ளங்கள் பதினொன்று. பூட்டு, கீல், விளிம்பு பழுதில்லை. உள்தாழ்ப்பாள் பழுதில்லை.

மெதுவாக அடி. கண் கெட்டுப்போகும்.

உன் அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருபத்திரண்டு எண் வரை அடித்துவிட்டேன். உங்கள் எழுத்தைக் கோழி கிளறியது என்றது கோழிக்கு அவமானம்.

உங்கள் மருமகளைப் பள்ளியில் பத்து நாள் வரவேண்டாம் என்றிருக்கிறார்கள். அவள் மேசையில் 'கிண்ணத் திருடன் மகள்' என்று எவளோ காம்பஸ் முள்ளால் கீறி வைத்திருக்கிறாள். எவள் என்று இவள் கண்டுபிடித்தாள். தண்ணீர்ப் புட்டியை எடுத்து அவள் வாயிலேயே அடித்தாள், ஸ்டீல் புட்டி. முன்பல் இரண்டு போயிற்று. பிடித்து இழுத்த ஆசிரியை கையையும் கடித்திருக்கிறாள். பதினாறு வயசுப் பெண், அண்ணா. அவள் சட்டையில் இருந்த இரத்தத்தை நான் துவைத்தேன். அதை அலசும்போது எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் இரண்டு அடி கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. அதுதான் பயமாக இருக்கிறது.

இனிமேல் பள்ளிக்குப் போகமாட்டேன், அப்பா பெயர் அந்தக் கல்லில் வரட்டும் பிறகு போகிறேன் என்கிறாள். சொன்னால் சொன்னதுதான், அப்படியே அவர் பிள்ளை.

இருபத்து மூன்றில் என் விரல் நின்றுவிட்டது. தினமும் பத்து வாக்குமூலம் அடிக்கிறவள் நான். எங்கே இடிக்கிறதென்று கை சொல்லிவிடும். பாத்திரம் அந்தப் பேழையில் இருந்தது. பேழையின் பூட்டு உடையவில்லை. அப்படியானால் அவர் எப்படி அதை எடுத்தார்?

முப்பத்தொன்றையும் படித்தேன். கதவை உடைக்கிறவன் பூட்டுப் பக்கம் நெம்புவான், கீல் பக்கம் இடிப்பான். நெஞ்சு உயரத்தில் நடுப்பலகையில் தட்டுகிறவன் யார், அண்ணா?

உங்கள் தங்கை


ஜூலை 1

அன்புத் தங்கச்சிக்கு,

வக்கீல் ஆபீசில் வேலை பார்த்துப் பார்த்து நீ வக்கீலாகவே ஆகிவிட்டாய். அண்ணனையே கூண்டில் ஏற்றுகிறாய். அன்று காலை பூசைக்குப் பிறகு நான் பேழையைச் சாத்தாமல் விட்டிருக்கலாம். வயசாகிறது. அந்த அமளியில் எது எப்படி என்று யார் கண்டது?

மருமகளைத் திட்டாதே. அவள் மேல்படிப்பு முழுக்க என் பொறுப்பு. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த மாதம் 27ஆம் தேதி ஞாயிறு பூசையில் கல் பதிக்கிறார்கள். ஆயர் வருகிறார். நற்கருணையைக் காத்ததற்காக எனக்கு ஏதோ பதக்கம் தரப்போகிறார்களாம். வேண்டாம் என்றேன், விடமாட்டேன் என்கிறார்கள். அது முடியட்டும். ஊர் அடங்கட்டும். ஆறு மாதம் கழித்து ஐந்தாவது பெயரை மெல்லச் சேர்த்துவிடலாம். சத்தியமாக நானே பேசுகிறேன். அதுவரை இந்தப் பேச்சை விடு. மீதிப் பட்டியலை அடித்து அனுப்பு.

உன் அண்ணன்


ஜூலை 5

அண்ணாவுக்கு,

பேழையைச் சாத்தாமல் விட்டிருக்கலாம் என்கிறீர்கள். குருவி கத்தினாலே இரண்டு முறை ஜன்னல் கொண்டியைச் சோதிக்கிறவர் நீங்கள். அது போகட்டும். திறந்தே கிடந்ததென்றால், அவர் எடுத்தபின் அந்தப் பேழையைச் சாத்திவிட்டு வந்தாரா? கொலைவெறியில் ஆட்கள் ஓடும்போது எந்தத் திருடன் நின்று கதவைச் சாத்துவான்? இரவல் வாங்கிய டப்பாவைக்கூட மூடித் தருகிறவர்தான் சாத்துவார். அது அவர்தான். ஆனால் திருடன் இல்லை.

இன்னொன்று. உங்களிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொல்லாதது. பிணவறையில் அவரைக் கழுவியது நான். தலையின் பின்பக்கம் விரல் உள்ளே போகிற அளவுக்குப் பிளந்திருந்தது. இடது கண் இல்லை. விலா எலும்பு தோலுக்கு வெளியே இருந்தது. ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வலது கையைத் திறந்தேன். எல்லா விரலும் இறுக்கி மூடியிருக்க, சுட்டு விரலும் நடு விரலும் மட்டும் பின்னால் மடிந்து கிடந்தன. யாரோ நெம்பித் திறந்திருந்தார்கள். உள்ளங்கையில் வட்டமாக ஒரு பள்ளம், அதிலிருந்து நீளமாக ஒரு கோடு. வெல்டர் கைதானே, சூட்டுத் தழும்பு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், அது சாவி. செத்தபிறகும் அச்சு விடாத அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

அந்தச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? அவர் கையிலிருந்து அதை எடுத்தது யார்?

இதற்குப் பதில் இல்லாமல் வேறு எது எழுதினாலும் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். பட்டியல் என்னிடம் இருக்கிறது.

தங்கை


ஜூலை 12

தங்கச்சி,

சாவி என்னிடம் இருக்கிறது. நான்தான் எடுத்தேன்.

நான்கு நாளாக எழுதிக் கிழித்து எழுதுகிறேன். பெரிய கதவில் முதல் கோடரி விழுந்தபோது மாப்பிள்ளை ஏணியில் இருந்தார். சாமியார் பூசை முடித்து வெளியூர் போயிருந்தார். நான் நற்கருணைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆபத்தில் முதலில் நற்கருணை, இரண்டாவது பூசைப் பாத்திரம், மூன்றாவது மனிதர். எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை அது. மாப்பிள்ளை என் பின்னாலேயே ஓடி வந்துவிட்டார். வாசல்வரை வந்துவிட்டார், தங்கச்சி. ஒரு கால் உள்ளே இருந்தது. நான்தான் பக்கப் பீடத்துப் பேழைச் சாவியை அவர் கையில் திணித்து, "அந்தப் பெரிய பாத்திரத்தை எடுத்துட்டு வந்துடுங்க மாப்ள" என்றேன். திரும்பி ஓடினார்.

பெரிய கதவு விழுந்த சத்தம் கேட்டது. நான் தாழ்போட்டேன்.

பிறகு வெளியே நடந்தது காதில் விழுந்ததே தவிரக் கண்ணில் படவில்லை. மரம் உடைகிற சத்தமும் எலும்பு உடைகிற சத்தமும் வேறுவேறு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தறிக்காரர் தன் மகள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார், பாதியில் நின்றுபோயிற்று. அதற்குள் என் கதவைத் தட்டினார்கள். உலோகத்தால் தட்டினார்கள். பேச்சுக் குரலும் கேட்டது. யார் குரல் என்று தெளிவாக இல்லை. குரல் கேட்டுத் திறக்காதே என்பது விதி. அந்தப் பெட்டியின் வாள்வெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினோராவது தட்டலுக்குப் பிறகு வேறு அடி விழுந்தது, அது கதவில் இல்லை.

எல்லாரும் போனபின் தாழை எடுத்தேன். கதவில் சாய்ந்து கிடந்தவர் உள்பக்கமாக என் கால்மேல் விழுந்தார். முகம் முகமாக இல்லை. கையில் சாவி. வாசலில் போலீஸ் பூட்ஸ் சத்தம். சாவியைக் கண்டால் யார் கொடுத்தது என்று கேட்பார்கள், அப்புறம் ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்கள். விரலை நெம்பி எடுத்தேன். தட்டிய பாத்திரத்தைக் கடைசி நிமிஷத்தில் சட்டைக்குள் செருகி மறைத்திருந்தார், அங்கே கைவிட மனசு வரவில்லை. அதனால் பாத்திரம் அங்கேயே இருந்தது, அவர் திருடனாகிவிட்டார். நான் திருத்தவில்லை.

விதியைக் காத்தேன். அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


ஜூலை 16

அண்ணா,

படித்தேன். அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. மகளுக்கும் காட்டவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாயில் துண்டை வைத்துக் கத்தினேன். சுவரில் தலையை முட்டினேன். நெற்றியில் புடைத்திருக்கிறது, ஆபீசில் அலமாரி இடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஓர் இடத்தில் மட்டும் பொய் சொல்லியிருக்கிறீர்கள். குரல் தெளிவாக இல்லையாம். அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? "மச்சான்" என்றுதான் கூப்பிட்டிருப்பார். உங்களுக்கு இருப்பது ஒரே தங்கை. உங்களை மச்சான் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். முந்நூறு பேரில் எவன் உங்களை அப்படிக் கூப்பிடுவான்?

விதி என்று சொல்லாதீர்கள். விதியைக் காத்தவனுக்குச் சாவியை மறைக்கத் தோன்றாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. 27ஆம் தேதி, ஆயர் முன்னால், கல் பதிப்பதற்கு முன், அந்தப் பிரசங்கத் தொட்டியில் ஏறி நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சாவி, அவரைத் திருப்பி அனுப்பியது, தட்டியது, கூப்பிட்டது, எல்லாம். ஆறு மாதம் கழித்து அல்ல, சாமியார் காதில் அல்ல. செய்யாவிட்டால் உங்கள் 12ஆம் தேதிக் கடிதம் அன்று மாலையே காவல்துறைக்குப் போகும். மிரட்டல்தான். எனக்கு மிரட்டத் தெரியும் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

தங்கை


ஜூலை 29

தங்கச்சி,

சொல்லிவிட்டேன்.

ஆயர் பதக்கத்தைக் கையில் எடுத்தபோது, ஒரு நிமிஷம் ஆண்டவரே என்று சொல்லிவிட்டு ஏறினேன். சாமியார் கையைப் பிடித்தார், உதறிவிட்டேன். முப்பது வருஷம் துடைத்த தொட்டி, ஒரு நாளும் உள்ளே நின்றதில்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லார் முகமும் தெரிகிறது. எழுதிக்கொண்டு போனதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வாயால் சொன்னேன்.

நீ சொன்னதுதான் உண்மை. குரல் தெளிவாகத்தான் கேட்டது. "மச்சான், நான்தான், தொறங்க" என்றார். முதலில் சத்தமாக. பிறகு மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்வது போல. என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. விதி ஞாபகம் வரவில்லை, நற்கருணை ஞாபகம் வரவில்லை. திறந்தால் என்னையும் வெட்டுவார்கள் என்பது ஒன்றுதான் இருந்தது. பயந்தேன். விதியெல்லாம் மறுநாள் யோசித்து வைத்துக்கொண்டது. இதையும் சொன்னேன்.

இரைச்சல் கிளம்பியது. தறிக்காரர் தம்பி எட்டி என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். நாலைந்து படி உருண்டேன். யாரோ இடுப்பில் உதைத்தார்கள், யாரோ முகத்தில் துப்பினார்கள். அப்போதுதான் உன் மாமியாரைப் பார்த்தேன். அவரை நீ கூட்டி வந்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. கூட்டம் தானாக வழிவிட்டது. என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன்.

"எத்தனை தடவை தட்டினான்?" என்று கேட்டார்.

பதினொன்று என்றேன்.

கன்னத்தில் அறைந்தார். வாய்விட்டு ஒன்று என்று எண்ணினார். அப்படியே எண்ணி எண்ணி அடித்தார். ஐந்தாவதில் உதடு கிழிந்தது. ஏழாவதில் ஒரு காது அடைத்தது, இன்னும் திறக்கவில்லை. அந்த வயசில் அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. ஆயர் உட்பட ஒருவரும் தடுக்கவில்லை. பதினொன்று முடிந்ததும் அவருக்கே கால் தள்ளாடியது. விழாமல் நான்தான் பிடித்தேன். பிடித்த கையை அவர் தட்டிவிடவில்லை. அவருக்கு அது யார் கை என்று தெரிந்ததோ என்னவோ.

கல் பதிக்கவில்லை. ஐந்தாவது பெயரைச் செதுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். நேற்று காவல்துறைக்கு நானே போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோயில் சாவிகளையும் ஒப்படைத்தாகிவிட்டது.

நீ தூணுக்குப் பின்னால் நின்றாய் என்று பிறகு சொன்னார்கள். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாயே. மருமகளைப் பார்க்க நான் வரலாமா? வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல்லில் ஐந்து பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருப்பதாகப் பேரவைத் தலைவர் படம் அனுப்பினார். எழுத்துப் பிழை இல்லை, இரண்டு முறை பார்த்தேன். மகள் திங்கள்கிழமையிலிருந்து பள்ளிக்குப் போகிறாள். பல் போன பெண் இவளுடன் பேசவில்லை, இவளும் பேசவில்லை, அது போதும்.

அத்தைக்கு வலது மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டிருக்கிறோம். அன்று அவரைப் பிடித்தது நீங்கள் என்று அவருக்குத் தெரியும். கேட்டேன். "அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே" என்றார், திரும்பிப் படுத்துக்கொண்டார். அது அவர் மனசு. என் மனசு அப்படி இல்லை, அதை நான் மறைக்கமாட்டேன்.

மகளைப் பார்க்க வரவேண்டாம். அவளுக்குப் பதினெட்டு ஆனதும் உங்கள் கடிதங்களை எல்லாம் அவள் கையில் கொடுப்பேன். மாமா வேண்டுமா என்று அவள் முடிவு செய்யட்டும்.

நீங்கள் ஏறிச் சொன்னதற்கு நன்றி. அவ்வளவு பேர் முன்னால் பயந்தேன் என்று சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கரப்பான்பூச்சிக்குப் பயந்ததைக்கூட ஒப்புக்கொள்ளாதவர் நீங்கள். அன்று தூணுக்குப் பின்னால் நின்று, உங்களை அடிக்க அடிக்க, ஓடிவந்து தடுக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் எனக்குக் கால் பரபரத்தது. என் அண்ணன் அடி வாங்குகிறான் என்றுதான் இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டேன். போகவில்லை. என்னாலும் ஒருவரை அடிபட விட்டுவிட்டு நிற்க முடிகிறது என்று தெரிந்துகொண்டேன். அதனால் உங்களைப் புரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். நான் நின்றபோது ஒருவரும் சாகவில்லை.

மன்னிக்கவில்லை. முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை.

பட்டியல் நாற்பத்து நான்கு எண்ணும் மூன்று பிரதி அடித்து ஆயர் இல்லத்துக்கே நேராக அனுப்பிவிட்டேன். எனக்கும் உங்களுக்கும் இடையில் இருந்த வேலை முடிந்தது. மேலே 'அன்புள்ள அண்ணாவுக்கு' என்று எழுதியது நாற்பது வருஷப் பழக்கம். எழுதியபின் பார்த்தேன். கோடு போட்டு அடிக்க மனசு வரவில்லை, அதனால் இருக்கட்டும் என்று விட்டேன். இனிமேல் அப்படி எழுதவேண்டி வராது. நீங்களும் எழுதாதீர்கள்.

வெல்டரின் மனைவி